மருந்து கட்ட ஆள் வராத வீடு

1. திரும்பி வந்த ப்ரபோசல்

எங்கள் ப்ரபோசல் திரும்பி வந்த அன்று காதர் சேருடன் சண்டை பிடித்தேன். சண்டை பிடிக்க வேண்டிய ஆள் அவர் இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவர் அவர்தான்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்து பென்ஷன் எடுத்தவள். சீனி வருத்தக்காரரின், அதாவது நீரிழிவு நோயாளரின், கால் புண்ணுக்கு மருந்து கட்டுவதிலேயே என் காலத்தில் பாதி போனது. ஓய்வுக்குப் பிறகு நாங்கள் சிலர் சேர்ந்து கிழக்கிலங்கைக் கரையில் உள்ள சாய்ந்தமருதில் ஒரு சிறிய சுகாதாரச் சங்கம் நடத்தினோம். ஒரு வாடகை அறை, ஒரு கட்டில், கிழமையில் மூன்று நாள் டிரெசிங். காதர் சேர் சங்கத்தின் செயலாளர், பாடசாலை அதிபராக இருந்தவர். இங்கிலீசில் எழுதுவார். எழுதியதை எழுந்து நின்று வாசித்தும் காட்டுவார். நாங்கள் தேத்தண்ணி ஆறும்வரை கேட்டுக்கொண்டிருப்போம்.

கிளினிக்கைப் பெரிதாக்கக் கொழும்பில் இருந்து நிதி தரும் ஒரு டோனருக்கு விண்ணப்பித்திருந்தோம். ‘பிரச்சினை என்ன’ என்ற பகுதியில் காதர் சேர் எழுதியது, மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை என்று. இந்தக் கரையில் எந்த ப்ரபோசலைப் புரட்டினாலும் அந்த வசனம் இருக்கும். டெங்குவுக்கும் அதுதான், தாய்ப்பாலுக்கும் அதுதான், குப்பைக்கும் அதுதான். பிரச்சினை அதுவென்றால் தீர்வும் தெரிந்ததே: விழிப்புணர்வுக் கூட்டம், ஒரு பேனர், வந்தவர்களுக்குச் சோற்றுப் பார்சல்.

டோனர் ஒஃபிசில் இருந்து ஒரு பெண் கோல் எடுத்தார். நான்தான் பேசினேன்.

“உங்கட கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்த பொம்பிளைகள் சிலபேர் இடையில நிண்டுபோறாங்க எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க. விழிப்புணர்வு இல்லாத ஆக்கள் முதல்ல எப்பிடி வந்தாங்க? ஏன் நிண்டாங்க எண்டு அவங்கள்ல ஒருத்தரிட்டயாவது கேட்டீங்களா?”

அடுத்த மாசக் கடைசிக்குள் திருத்தி அனுப்பினால் இன்னொரு தரம் பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

“கொழும்பில ஏசி றூமுக்குள்ள இருந்துக்கு எங்களுக்குப் பாடம் எடுக்கிறாவு!” என்று நான் கத்தினேன்.

“கேள்வி நியாயம்தானே மிஸ்” என்றார் காதர் சேர்.

“நியாயமெண்டா பதிலச் சொல்லுங்களன்!”

அந்தக் கோபத்தோடேயே அடுத்த நாள் ஒரு வீட்டுக்குப் போனேன்.

2. சுலைஹா ராத்தாவின் அறை

வராமல் நின்றவர்களில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் சுலைஹா ராத்தா. வயதில் என்னைவிட மூத்தவர் என்பதால் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். உள்ளங்காலில் ஒரு புண். ஒரு முறைகூடத் தவறாமல் வந்து மருந்து கட்டியதில் அது மூடும் பருவத்துக்கு வந்திருந்தது. கணவர் இஸ்மாயில் காக்கா சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவருவார். டிரெசிங் முடியும்வரை மதிலோடு நின்று போகிறவன் வருகிறவனிடம் நெல்விலை கதைப்பார். அந்த மனிதர் சவளக்கடை என்ற ஊரில் வயல் பார்க்கப் போன இடத்தில் நெஞ்சு நோவென்று வரம்பில் குந்தினார். எழும்பவில்லை. மையத்து வீட்டுக்கு நானும் போயிருந்தேன். அதற்குப் பிறகு ராத்தா கிளினிக்குக்கு வரவில்லை.

கணவன் மௌத்தானால் எங்கள் பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பார்கள். இத்தா என்பது அதுதான். நகை இல்லை, அலங்காரம் இல்லை, அந்நிய ஆண்கள் முன் வருவதில்லை. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போய்விடும். ராத்தாவும் மகள் றிஸ்வானாவின் வீட்டில், பின்னறையில்தான் இத்தா இருந்தார்.

அறைவாசல் சீலையை விலக்கியதும் புண் அழுகும் மணம் வந்தது. ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்தவர்களுக்கு அந்த மணத்தை விளக்கத் தேவையில்லை.

“என்ன ராத்தா இது? கிளினிக் பக்கம் வந்தா என்ன?”

“இத்தாவில இரிக்கன் மிஸ்.”

“மருந்துக்குப் போகலாமெண்டு மார்க்கத்தில இரிக்கே. தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும் மிஸ். மகள் மௌலவிட்டயும் கேட்டா. தாராளமாப் போகலாமெண்டுதான் அவரும் சொன்னார்.”

“அப்ப என்னத்துக்கு இஞ்ச கிடந்து காலப் பழுதாக்குறீங்க?”

“கத்தாதீங்க மிஸ்.” அவர் குரல் உயரவில்லை. “வாழ்ந்த காலமெல்லாம் என்னச் சைக்கிள்ள வச்சி மிதிச்ச மனிசன். அவருக்கெண்டு நான் செய்யிறத்துக்கு இது ஒண்டுதான் மிச்சம். அதையும் அரைகுறையா விட்டுட்டு ரோட்டில இறங்க எண்ட மனம் கேக்கல்ல. நோவும் இல்ல. நோவிருந்தா சொல்லியிருப்பன்.”

நோவு இருக்காது. சீனி வருத்தம் முதலில் கொல்வது காலின் உணர்ச்சியைத்தான். “நான்தான் வெந்நியால கழுவிக் கட்டினன் மிஸ்” என்று வாசலில் நின்ற றிஸ்வானா அழத் தொடங்கினாள். அவள் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தாள். மேலே மூடிய புண் உள்ளே குழி பறித்துக்கொண்டு போனது அவளுக்கு எப்படித் தெரியும்? நான் சோதித்தபோது எலும்பு தட்டுப்பட்டது. கணுக்காலுக்கு மேல் வரை சூடு ஏறியிருந்தது.

அதன் பிறகு நான் கத்தவில்லை. “ராத்தா, இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். போகாட்டி கால் மட்டுமில்ல, உயிரும் போகும். இந்தப் புள்ளைக்கு வாப்பா போய் இன்னும் கண்ணீர் காயல்ல” என்றேன்.

ராத்தா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மருமகன ஓட்டோவ வளவுக்குள்ள எடுக்கச் சொல்லு” என்றார். மருமகன் முன்னால் இத்தாப் பெண்ணுக்குத் தடை இல்லை. அவரே ஓட்டுவதென்றால் ராத்தாவுக்குச் சம்மதம்.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட ஏலா என்பார்கள். அன்று நான் பார்த்த ஊர் வேறு. யாரும் கூப்பிடாமலே பக்கத்து வீட்டுப் பெண்கள் சீலைகளோடு வந்து, கதவிலிருந்து ஓட்டோ வரைக்கும் இரண்டு பக்கமும் மறைப்புப் பிடித்தார்கள். ஒருத்தி வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. துஆ ஓதும் முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

டொக்டர்மார் காலைக் காப்பாற்றப் பார்த்தார்கள். மருந்து ஏற்றினார்கள், கீறிச் சுத்தம் செய்தார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது.

3. சங்கக் கூட்டம்

கூட்டத்தில் நான் சொன்னது இதுதான்: பேனரும் வேண்டாம், சோற்றுப் பார்சலும் வேண்டாம். கிளினிக்குக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய் மருந்து கட்ட ஒரு பெண் நேர்ஸ் வேண்டும். இத்தாவில் இருப்பவர்கள், பிள்ளை பெற்றவர்கள், நடக்க முடியாதவர்கள் எல்லாருக்கும். அதற்குத்தான் காசு கேட்க வேண்டும்.

எங்கள் தலைவர் ஒரு ஹாஜியார். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருப்பவர். நிதானமாகத்தான் பேசினார்.

“மிஸ், நீங்க சொல்லுறது சரி. ஆனா இத்தாவால ஒரு மனிசிட கால் போச்செண்டு எழுதினா, வாசிக்கிற வெளியாள் என்ன நினைப்பான்? ஏற்கனவே எங்களப் பத்தி ஒண்டுக்கு ஒம்பது கதைக்கிறானுகள். நாமளே கைல கொடுக்கிறதா?”

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. இந்தக் காலத்தில் இந்த நாட்டில் வாழ்கிற எங்களுக்கு அந்தப் பயம் புதிதில்லை.

காதர் சேரின் யோசனை வேறு. “ஒரு போட்டோ எடுப்பம் மிஸ். வெட்டின கால் மட்டும். முகம் வேணாம். வாசிக்கிறவனுக்குக் கண் கலங்கணும். அப்பதான் காசு வரும்.”

“உங்கட ராத்தாவா இருந்தா எடுப்பீங்களா சேர்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எதை எழுதலாம், எதை எழுதப்படாது எண்டு நாம ஏன் இஞ்ச இருந்து முடிவெடுக்கணும்? கால் அவட. அவட்டயே கேப்பம்” என்றேன். ஹாஜியார் தலையசைத்தார்.

4. எழுதச் சொன்னது

ராத்தா அதே பின்னறைக்குத் திரும்பியிருந்தார். இத்தா இன்னும் முடியவில்லை. கட்டிலில் சாய்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். ஹாஜியார் சொன்னதையும் காதர் சேர் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னேன். டோனர் ஒஃபிசில் இருந்து வந்த கேள்வியையும் சொன்னேன்.

“போட்டோ வேணாம் மிஸ். பேரும் வேணாம்.”

“சரி ராத்தா.”

“எனக்குத் தெரியாம இருந்த எண்டு எழுதாதீங்க. எனக்கு எல்லாம் தெரியும். மார்க்கத்தால கால் போச்செண்டும் எழுதாதீங்க. மார்க்கம் எனக்குக் கதவப் பூட்டல்ல. நான் இருக்க ஆசப்பட்டு இருந்தன். நான் இருந்த இடத்துக்கு மருந்து கட்ட ஒரு ஆள் வரல்ல. அவ்வளவுதான் நடந்த. அப்பிடியே எழுதுங்க.”

எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அடக்கவும் இல்லை. வாட்டில் எத்தனையோ கால் பார்த்தவள் நான். இப்படி யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

காதர் சேர் அதை அப்படியே இங்கிலீசாக்கினார். பெரிய சொல் ஒன்றைக்கூடப் போடவில்லை, அது அவருக்கு லேசான காரியமில்லை. ‘பிரச்சினை என்ன’ பகுதியின் முதல் வசனம், இருந்த இடத்துக்கு மருந்து கட்ட ஒரு ஆள் வரவில்லை என்று ராத்தா சொன்னதுதான். அதைக் கேட்டுவிட்டு ஹாஜியார், “இதில எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல” என்றார். அத்தோடு நிற்கவில்லை. மௌத்தான வீட்டு விவரம் பள்ளிக்குத்தானே முதலில் வரும், அந்த வீட்டில் சீனி வருத்தக்காரி இருந்தால் அன்றைக்கே நேர்ஸுக்குச் சொல்வது பள்ளியின் பொறுப்பு என்று எழுதச் சொன்னார். எந்த ஆலோசகரும் எங்களுக்கு இதைவிட நல்ல வழி சொல்லியிருக்க முடியாது. திட்டத்தின் பலனை அளக்கும் இண்டிகேட்டரையும் மாற்றினோம். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எடுத்துவிட்டு, எத்தனை புண் மூடியது என்று போட்டோம். பட்ஜட்டில் பேனர் போன இடத்தில் நேர்ஸின் போக்குவரத்து வந்தது.

கேட்டதில் கொஞ்சம் வெட்டித் தந்தார்கள். ஆனால் தந்தார்கள்.

இன்றைக்கு இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம், ப்ரபோசல் எழுத நல்ல மாதிரி ஒன்று தாங்க மிஸ் என்று கேட்கிறார்கள். மாதிரி எல்லா இடத்திலும் கிடக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான். யாருக்காகக் காசு கேட்கிறீர்களோ அந்த ஆளின் வீட்டுக்குப் போங்கள். எழுதியதை அவருக்கு முன்னால் வாசியுங்கள். அவர் மறுக்கிற வசனத்தை வெட்டுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

திட்டம் தொடங்கிப் பள்ளியில் இருந்து வந்த முதல் தகவல் மாளிகைக்காட்டில் ஒரு வீடு. கடலில் கணவனை இழந்தவள். இளவயது, குதிக்காலில் புண். எங்கள் நேர்ஸ் இத்தா முடியும்வரை அந்த வீட்டுக்குப் போய்க் கட்டினாள். புண் மூடிய செய்தியைச் சொல்ல நான் சுலைஹா ராத்தாவிடம் போனேன். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“இத்தாவ முழுசா இருந்தாளா மிஸ்?”

“ஓம் ராத்தா. ஒரு நாளும் குறையல்ல.”

“காலும் இரிக்கா?”

“இரிக்கி ராத்தா. நடந்துதான் வெளிய வந்தாள்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். சுளகைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, இஸ்மாயில் காக்கா மௌத்தான அன்றும் நான் கேட்காத சத்தத்தில் அழுதார்.