மூன்று குசினிக்கும் ஒரே கட்டில்

இஞ்சி கருகும் மணம். அஜின்கோர்ட்டில் ஏதாவதொரு சீனக் கடையைத் தாண்டும்போது அது முகத்தில் அடிக்கிறது. நடையை எட்டிப் போடுகிறேன். அந்த மணத்துக்குள்தான் அண்ணையும் நானும் பதினேழு வருடம் சட்டி கழுவினோம், மீன் வெட்டினோம், ஒருவரையொருவர் ஏசிக்கொண்டோம். முதலில் சீனக் குசினி, பிறகு ஜப்பான்காரருடையது, கடைசியில் ஒரு கொரியக் கிழவருடையது.

யாராவது சுகமில்லாமல் நின்றுவிட்டால், சீன முதலாளி சுவர்ப் பலகையில் பெயருக்குப் பக்கத்தில் நோய் என்ற எழுத்தைப் போடுவார்: 病. அதன் மேலே கூரை, இடப்புறம் சாய்ந்த கால், அருகே இரண்டு கீறு: 疒. நோயைச் சொல்லும் எழுத்துகள் அனேகமாக இந்த உறுப்பைப் போர்த்திக்கொண்டுதான் வரும். நோயாளி கிடக்கும் கட்டில் அது என்றார். ஜப்பான்காரரும் அதையே எழுதினார், கொரியக் கிழவரும் பழைய பழக்கத்தில் அதையே. வாசித்ததுதான் மூன்று விதம்.

"பாஷை எதெண்டாலும் படுக்கிற கட்டில் ஒண்டுதான்ரா" என்பார் அண்ணை.

வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த அண்ணை மயக்க மருந்தில் கிடக்கையில், புற்றுநோய் என்று டாக்டர் எங்களிடம் சொன்னார். நம் சனங்கள் செய்வதையே நாங்களும் செய்தோம்: நோயாளிக்கு மறைத்தோம். அல்சர் என்றோம். நர்ஸ் ஒரே விளக்கத் தாளை மூன்று மொழிகளில் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், பதறினாள்.

"தம்பி, இங்கிலிசையும் தமிழையும் ஜாக்கெற்றுக்குள்ள வையும். சீனம் கிடக்கட்டும், உது ஆருக்கு விளங்கும்?"

பதினேழு வருடம் அந்தக் கட்டிலைப் பார்த்தவன் நான். கிடக்கட்டும் என்றே விட்டேன்.

அடுத்த நாள் அக்கா தேத்தண்ணி வாங்கப் போனதும், அண்ணை தலையணைக்கடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

"வரிக்கு வரி கட்டில். உது கடதாசியில்லையடா, ஆசுப்பத்திரி."

பிறகு ஓர் எழுத்தில் விரல் நின்றது. கட்டிலுக்குள் மூன்று பெட்டி, அடியில் ஒரு மலை: 癌.

"சீன முதலாளியின்ர பேருக்குப் பக்கத்தில அவற்ற மனிசி கடைசியா எழுதினது உதுதான். மனுசன் திரும்பி வந்தவரே?"

"அண்ணை, டாக்டர் அல்சர் எண்டுதான்…"

"பொத்தடா வாயை."

மறுநாள் அவர் கண் திறக்கவில்லை. பிக்கரிங்கில் மகள் வீட்டு ஜன்னலோரம் இருந்துகொண்டு அக்கா இன்றும் சொல்கிறாள்: "ஒண்டும் அறியாமல் போயிட்டார் தம்பி. அது ஒண்டுதான் ஆறுதல்." ஓம் அக்கா என்கிறேன். அன்று நடைவழியில், தேத்தண்ணியோடு திரும்பும் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும், தாளை என் கைக்குள் திணித்து, அண்ணை அவசரமாகச் சொன்னது இது:

"எனக்குத் தெரியுமெண்டு அவளுக்குச் சொல்லிப்போடாத. பாவம், எவ்வளவு வடிவா நடிக்கிறாள்."