சிப்ஸ் கரைவதற்கு முன்

உங்கள் நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். எப்போது என்று முடிவு செய்வது யார்? 'நான்தான், வேறு யார்?' என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். அபிகாயிலும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியை. பெருங்களத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஐம்பதைத் தாண்டிய வயது. கணவர் தேவானந்தம் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ரயில் நிலையத்தின் மேம்பாலப் படியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தபோதுதான், அபிகாயிலின் இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது.

"இப்ப மாத்தினா நூத்துல ரெண்டு மூணு பேருக்குத்தான் ஆபத்து. இருதயம் தளர்ந்தப்புறம் மாத்தினா அந்தக் கணக்கு வேற. அதிகம் தள்ளிப்போடாதீங்க" என்றார் மருத்துவர்.

அது டிசம்பர். சர்ச்சில் வருடத்தின் கடைசி இரவு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அதில் உள்ள பைபிள் வசனம் அந்த வருடத்துக்கான வழி. குடும்பத்துக்காகக் கூடையில் கைவிட்டவர் தேவானந்தம். நீங்கள் சும்மா இருங்கள், ஆண்டவரே போரிடுவார் என்ற பொருளில் ஒரு வசனம் வந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்பதுதான் அதன் அர்த்தம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். சீட்டாட்டம் பாவம் என்று மனைவியை வாழ்நாளெல்லாம் கடிந்துகொண்டவர், கூடையிலிருந்து எடுத்த ஓர் அட்டையை நம்பி அவளுடைய இருதயத்தை ஒத்திப்போட்டார்.

ஆம், அபிகாயில் சீட்டாடுவார். பொங்கல் விடுமுறையில் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் போக்கர் போட்டி நடக்கும். பணம் கிடையாது, அதற்குப் பதில் சிப்ஸ் எனப்படும் பிளாஸ்டிக் வில்லைகள்தான். முதல் பரிசு ஒரு குக்கர்.

அந்தப் பொங்கல் போட்டியின் கடைசிக் கட்டத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஐடி கம்பெனிக்காரரான ஷ்யாம்சுந்தர் முன்னால் பெரிய குவியல். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஸ்ரீநிவாசராகவனிடம் நடுத்தரம். அபிகாயிலிடம்தான் குறைவு. போக்கரில் முறை வைத்து இரண்டு பேர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாகச் சில சிப்ஸை நடுவில் வைக்க வேண்டும். நேரம் போகப்போக அந்தத் தொகை ஏறும். எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவரின் குவியல் தானாகவே கரையும்.

"என்ன மேடம், ஜோடி ஏஸ் வர்ற வரைக்கும் வெயிட்டிங்கா? அதுக்குள்ள காணும் பொங்கலே முடிஞ்சிடும்" என்று சீண்டினார் ஷ்யாம்.

அபிகாயிலுக்கு வந்தது ஒரு ராஜாவும் ஓர் ஒன்பதும். சுமாரான சீட்டுதான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு குவியல் முழுவதையும் இரண்டு கைகளாலும் முன்னே தள்ளினார்.

"ஆல்-இன்."

"எனக்கு ஏற்கெனவே பிபி இருக்கும்மா" என்று ஸ்ரீநிவாசராகவன் அந்த ஆட்டத்திலிருந்து விலகிச் சீட்டைக் கவிழ்த்தார்.

ஷ்யாம் யோசித்தார். தோற்றால் அவருடைய குவியலில் பாதி போய்விடும். தலையைச் சொறிந்தார், அவரும் கவிழ்த்தார். நடுவில் இருந்த சிப்ஸ் அபிகாயிலுக்கு வந்தது. "என்கிட்ட ஜோடி நாலு இருந்துச்சு மேடம். நீங்க அப்படி என்னதான் வச்சிருந்தீங்க?"

"சொல்ல மாட்டேன். நீங்க பயந்தது என் சீட்டுக்கு இல்ல ஷ்யாம், மிச்சமிருந்த என் சிப்ஸுக்கு. இன்னும் ரெண்டு ரவுண்டு சும்மா உக்காந்திருந்தேன்னா, என்ன சீட்டு வந்தாலும் நீங்க சிரிச்சுக்கிட்டே அதே அளவு சிப்ஸ் வச்சு மோதியிருப்பீங்க."

அன்று அவர் இரண்டாவதாக வந்தார். ஸ்ரீநிவாசராகவன் வெளியேறிய பிறகு மறுபடி ஆல்-இன் போட்டு, கடைசியாகத் திறந்த சீட்டில் தோற்றார். "குக்கர் போச்சே மேடம்!" என்றார் ஷ்யாம். "போனா போகுது. தோத்துட்டேன், ஆனா போட்டது தப்பில்ல" என்று சிரித்தார் அபிகாயில்.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னார். "அடுத்த வாரமே அட்மிட் ஆகிடறேங்க."

"சீட்டாடிட்டு வந்து கத்தியப் பத்திப் பேசுறியா? ஆண்டவர் சும்மா இருன்னு சொல்லியிருக்காரு, அபி."

"டாக்டர் ஒரு கணக்கு சொன்னாரே."

"விசுவாசத்துல ஏது கணக்கு?"

அவர் கொடுமைக்காரர் இல்லை. மனைவிக்காக உபவாசம் இருந்து உடல் மெலிந்தவர். அபிகாயில் தனியாகவே மருத்துவமனைக்குப் போனார்.

"சார் வரலியா மேடம்? ஹஸ்பண்ட் சைன் இல்லாம டேட் தர மாட்டாங்க" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

"உடம்பு என்னுது. படிச்சுப் பாத்து நானே சைன் பண்றேன்."

"அதுக்கில்ல மேடம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்களுக்கு யார் பதில் சொல்றது?"

சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவருக்கு அவருடைய சம்மதமே போதும். சட்டம் அதுதான். புருஷன் கையெழுத்து என்பது சட்டமல்ல, வழக்கம். பெண் என்றால் யாரோ ஒருவரின் பொருள் என்று நினைக்கும் வழக்கம். அந்த வழக்கம் கவுன்ட்டரில் கணினி வைத்து உட்கார்ந்திருந்தது. அபிகாயில் கொஞ்ச நேரம் வாதாடினார். மூச்சு வாங்கியது. பஸ் பிடித்துத் திரும்பிவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் வந்தது; கூடுதல் உபவாசம். ஈஸ்டர் வந்தது, ஜெபத்தால் குணமானது என்று சபையில் சாட்சி சொல்லக் காத்திருந்தார்கள். அபிகாயில் வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினார். கால் வீங்கியது, செருப்பை ஓர் அளவு பெரிதாக மாற்றிக்கொண்டார். ஜூன் மாதம் கரும்பலகைக்கு முன்னால் சரிந்து விழுந்தார். இப்போது தேவானந்தம் ஓடிவந்து, நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். வால்வை மாற்றினார்கள். ஆனால் தளர்ந்துபோயிருந்த இருதயம் அதைத் தாங்கவில்லை.

அடக்கத்தின்போது, எல்லாம் ஆண்டவரின் சித்தம் என்றார்கள். இல்லை. ஜனவரியில் அவருக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. அதைப் பயன்படுத்தத் துணிவும் இருந்தது. வழிமறித்தவர்கள் மனிதர்கள். அறுவை செய்தும் அவர் இறந்திருக்கலாம்தான். அப்போதும் அது அவர் எடுத்த முடிவாக இருந்திருக்கும். அதையும் பிடுங்கிக்கொண்டோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெண் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம். மருத்துவர் என்ன சொன்னார், நீ என்ன நினைக்கிறாய் என்று இன்றைக்கே அவரைக் கேளுங்கள். பதிலை முழுவதும் கேளுங்கள். பிறகு கூடவே போங்கள். கவுன்ட்டரில் உங்களிடம் பேனாவை நீட்டினால், வாங்கி அவர் கையில் கொடுங்கள்.