அடிப்பிடித்த பால்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நல்ல பால் தொண்டையில் இறங்காது. அடிப்பிடித்து, தீய்ந்த வாசனை ஏறிய பால்தான் வேண்டும். "உங்களுக்கு இருக்கறது நாக்கா, அடுப்புக்கரியா?" என்பாள் மனைவி. ஏன் அப்படி என்று அவருக்கே தெரியாது.

கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டாள். பெரியம்மா வீட்டில் வளர்ந்தார். அப்பா எப்போதாவது வந்து, வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போவார். பெற்ற பிள்ளையைத் தள்ளிவிட்ட மனிதர் என்ற கசப்பு ஐம்பது வயதிலும் மெக்கானிக்குக்கு ஆறவில்லை. பக்கவாதத்தில் அப்பாவுக்கு ஒரு கால் விழுந்தபோது, மனைவிதான் பிடிவாதமாக வீட்டுக்கு அழைத்து வந்தாள். மெக்கானிக் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதோடு சரி.

ஒரு மாலை, குளியலறையில் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் மனைவியின் குரல் கேட்டது.

"இது அவருக்குன்னே தீயவிட்டது மாமா. உங்களுக்கு வேற காய்ச்சறேன்."

"அவன் இதையா கேக்கறான்?"

"வேற பாலைத் தொடவே மாட்டார்."

டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கிழவர் பேசினார்.

"அவங்கம்மா போனப்புறம் ஒரு வருஷம் நான்தாம்மா வெச்சிருந்தேன். வேலை முடிஞ்சு, பக்கத்து வீட்டுலேர்ந்து அவனை வாங்கிட்டு வந்து பாலை அடுப்புல வைப்பேன். அவ நெனப்பு வந்துடும். அப்படியே நின்னுடுவேன். தினமும் தீஞ்சுடும். இவன் பசியில கத்துவான். அதையே ஆத்தி ஊட்டுவேன். எலும்பும் தோலுமாயிட்டான். பெரியம்மாக்காரி வந்து பார்த்துட்டு, 'கொன்னுடுவீங்க போலிருக்கே'ன்னு தூக்கிட்டுப் போனா. எந்த மொகத்தோட நான் திருப்பிக் கேக்கறது?"

மெக்கானிக் ஈரக்கையோடு கூடத்துக்கு வந்து அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா இத்தனை நாள் சொல்லல?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? உன்னை நோஞ்சானாக்கினதே நான்தானே."

அதற்குப் பிறகும் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு விடுமுறை நாளில், தாம் பராமரிக்கும் உயரமான கட்டடத்துக்கு அப்பாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனார். லிஃப்ட் கிளம்பியதும் கிழவர் மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அறுந்துடாதே?"

"நான் பார்த்துக்கற லிஃப்ட்டுப்பா."

மொட்டைமாடிக்குப் போய்த் திரும்பி இறங்கும்வரை அந்தப் பிடி தளரவேயில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். மெக்கானிக் வாய்விட்டு அழுததைக் கண்டு, துக்கத்துக்கு வந்த சக தொழிலாளர்கள் திகைத்துப் போனார்கள். தகப்பனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.