பைன் மரத்துக் காவித்துணி

நடந்தவை, வரிசைப்படி:

1. சித்தப்பாவின் வீட்டுக்குப் பின்னாலிருந்த காட்டைக் கல்குவாரிக்குக் கொடுக்க, நோர்வேயில் கொம்யூன் எனப்படும் ஊராட்சிச் சபை யோசித்தது.
2. பக்கத்தில் ஒரு பழைய பண்ணைவீட்டில் வசித்த தாய்லாந்துப் பிக்குகள், அந்தக் காட்டின் மூத்த பைன் மரத்துக்குக் காவித்துணி கட்டினார்கள்.
3. அப்பா அதை அவிழ்த்தார்.
4. அப்பாவே அதைத் திரும்பக் கட்டினார்.

எனக்கு அப்போது எட்டு வயது. முதல் இரண்டும் நன்றாக விளங்கின.

சித்தப்பா ஒஸ்லோவை விட்டு வடக்கே போய், அந்தச் சின்ன ஊரின் சபையில் ஒரே தமிழ் உறுப்பினராகியிருந்தார். அங்கே கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதைவிட, அதற்கு முன் யார் வீட்டில் யார் கோப்பி குடித்தார்கள் என்பதே முக்கியம். சித்தப்பா எல்லா வீட்டிலும் குடித்துவிட்டார். இன்னும் முடிவெடுக்காத சில விவசாய உறுப்பினர்களை மரத்தடிக்கு அழைத்திருந்தார். துறவியின் ஆடை கட்டிய மரத்தைத் தங்கள் நாட்டில் எவரும் வெட்டத் துணியமாட்டார்கள் என்று பிக்குகள் அவர்களுக்கு விளக்குவதாக ஏற்பாடு.

நாங்கள் ஒஸ்லோவின் அம்மருட் பகுதியிலிருந்து போய் இறங்கியபோது துணி கட்டி முடிந்திருந்தது. அழகாக இருந்தது. அப்பா யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே போய் முடிச்சை அவிழ்த்தார்.

விவசாயிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சித்தப்பா ஓடிவந்தார்.

“அண்ணை, என்ன விசர் வேலை இது? நாளைக்கு வாக்கெடுப்பு! இவை தாய்லாந்துக்காரர். சிங்களப் பிக்குமார் இல்லை.”

“உடுப்பு ஒண்டுதானே.”

“குவாரி வந்தா என்ரை கிணறு வத்திப்போடும். அங்கை நடந்ததுக்கு இஞ்சை ஏன் சண்டை பிடிக்கிறியள்?”

அப்பா துணியைக் கையில் வைத்தபடியே மூத்த பிக்குவிடம் நோர்வேஜிய மொழியில் கேட்டார்: இங்கே சிலை வைப்பீர்களா? வேலி போடுவீர்களா? வாக்கெடுப்பு முடிந்ததும் இதை யார் கழற்றுவது?

பிக்குவின் நோர்வேஜிய மொழி முதலாம் வகுப்புப் பிள்ளையுடையதைப் போலிருந்தது. சிலை இல்லை, வேலி இல்லை என்றார். “நீங்கள் கட்டுங்கள். நீங்களே கழற்றுங்கள்.”

அப்பா கட்டினார். ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சு. எங்கள் வழக்கப்படி ஒரு தடவை அவிழ்த்துக் கட்டினால்தான் பலன் என்று சித்தப்பா விவசாயிகளுக்கு ஒரு பொய்யை எடுத்துவிட்டார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்; ஒருவர் தொப்பியையும் கழற்றினார்.

காடு இரண்டு வாக்குகளால் தப்பியது. அந்தச் சனிக்கிழமை அப்பா, துணியைக் கழற்றுவதற்காக மட்டுமே, என்னையும் ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் கார் ஓட்டினார். இழுத்தார், அவிழ்ந்தது. மடித்துப் பிக்குவின் கையில் கொடுத்தார். திரும்பும் வழி முழுக்கப் பாடிக்கொண்டு வந்தார். மரம் வெறுமையாகிவிட்டதே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். ஒரு துணியை அவிழ்ப்பதில் ஒரு மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

இன்றைய நிலை இது: பைன் மரம் நிற்கிறது. சித்தப்பாவின் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. இலங்கையில், எங்கள் ஊரில், அப்பப்பாவின் காணியிலுள்ள அரசமரத்தில் காவித்துணி இருக்கிறது. அதன் கீழே புத்தர் சிலை, சுற்றிவர வேலி. உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை.