கட்லாவுக்கும் ரோகுவுக்கும் என்னங்க வித்தியாசம்?

எனக்கு நாக்கில்தான் சனி. இல்லாவிட்டால் பிரிஸில்லாவின் ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகவே போய்க்கொண்டிருந்தன.

ஜோகுபாளையத்தில் அவளுக்கு மீன்கடை. பக்கத்தில் எனக்கு எலுமிச்சை, கொத்தமல்லி. அவள் கணவன் இறந்து ஒன்பது வருடமாகிறது. விலை சொல்வதோடு சரி, யாரிடமும் அதிகம் பேசமாட்டாள், ராஜேந்திரனைத் தவிர. ஊரின் மறுகோடியில், பீன்யாவில் லேத் ஓட்டுகிறவர், தனி ஆள். பீன்யாவில் மீனே கிடைக்காதா? இரண்டு பஸ் மாறி வந்து நின்று, வாராவாரம் ஒரே கேள்வி கேட்பார்.

"கட்லாவுக்கும் ரோகுவுக்கும் என்னங்க வித்தியாசம்?"

இவளும் முதல் தடவை சொல்வது போலவே சொல்வாள்.

"ரெண்டும் ஏரியில வளக்குறதுதான் சார். கட்லாவுக்குத் தலை பெருசு. வாய் மேல பாத்திருக்கும், மீசை கிடையாது. ரோகுவுக்குத் தலை சின்னது, வாய் கீழ எறங்கியிருக்கும், உதட்டோரம் சுருக்கம். செதில்ல லேசா செவப்பு அடிக்கும், பாருங்க."

புரட்டிப் புரட்டிக் காட்டுவாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

ஒரு ஞாயிறு அவள் குனிந்து செதில் சீவிக்கொண்டிருந்தபோது, ஒரு கன்னடக்கார அம்மா இதில் எது கட்லா என்று கேட்டார். ராஜேந்திரன் தன்னை மறந்து தலை, வாய், உதடு, செதில் என்று கன்னடத்தில் கடகடவென்று ஒப்பித்துவிட்டார்.

"அடப்பாவி மனுஷா! தெரிஞ்சுக்கிட்டேதான் வாராவாரம் கேட்டீங்களா?" என்று கத்தினேன்.

தெருவே சிரித்தது. அவர் முகம் செத்துப்போய், மீன்கூட வாங்காமல் கிளம்பிவிட்டார். பிரிஸில்லா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்று ஞாயிறு அவர் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு கட்லாவையும் ஒரு ரோகுவையும் வெட்டாமல் ஐஸில் ஒதுக்கிவைத்துவிட்டு, பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியும்னு ரெண்டாவது வாரமே எனக்குத் தெரியும்க்கா," என்றாள். "கேக்கட்டும்னுதான் இருந்தேன். வேற யாரு என்கிட்ட அவ்ளோ நேரம் நிக்கிறாங்க?"

எனக்கு என் வாயிலேயே ஒரு அடி போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

நான்காவது ஞாயிறு வந்தார். தலை நிமிராமல், "ரோகு ஒரு கிலோ," என்றார். அவ்வளவுதான். கேள்வி இல்லை.

பிரிஸில்லா கத்தியைக் கீழே வைத்தாள். ஐஸிலிருந்த இரண்டு மீனையும் எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"எனக்கே மறந்துபோச்சு சார். இதுல எது ரோகு? நீங்களே சொல்லுங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கட்லாவின் தலையிலிருந்து, மெதுவாக, ஆரம்பித்தார்.