உடையாத ஊசி

ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே சமையலறை. போதாக்குறைக்கு வேலையும் ஒரே ஆய்வுக்கூடத்தில். மூத்தவள்தான் சிபாரிசு செய்து இளையவளைச் சேர்த்துவிட்டாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேனே என்று இப்போது தன்னையே நொந்துகொள்கிறாள்.

வேலை இதுதான். கண்ணாடித் தகட்டில் வளரும் உயிரணுவை, கண்ணுக்கே தெரியாத கூர்மையுள்ள ஊசியால் மெல்ல அழுத்த வேண்டும். எவ்வளவு அமுங்குகிறது என்று கணினி சொல்லும். புற்றுநோய் அணு பெரும்பாலும் நல்ல அணுவைவிட மெத்தென்று இருக்கும். இண்டு இடுக்கெல்லாம் நுழைந்து உடம்பில் பரவ அதுவும் ஒரு வசதி. இளையவளின் எண்கள் அதைப் பளிச்சென்று காட்டின. மூத்தவளின் எண்களிலோ நல்லதும் கெட்டதும் ஒரே கல்லாக இருந்தன. கருத்தரங்கில் பேசப் போவது ஒருத்திதான். யார் என்று இயக்குநர் வெள்ளிக்கிழமை சொல்வார்.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. வீட்டில் மாமியாரும் சின்ன மருமகள் பேச்சுக்குத்தான் தலையாட்டுகிறார்.

"நேத்து வந்தவ. சும்மா சும்மா ஊசிய உடைக்கிறா. நான் ஒண்ணுகூட உடைச்சதில்ல, தெரியுமா?" என்று கணவனிடம் பொருமினாள்.

"அப்ப நீதானே கெட்டிக்காரி" என்றான் அவன், காலுறையின் ஜோடியைத் தேடிக்கொண்டே.

இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது, கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று வியாழக்கிழமை இளையவளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். திரையில் ஊசி அணுவின் நட்டநடுவே, மேடான இடத்தில் இறங்கியது.

"அங்க ஏன் போற? ஒட்டிக்கிட்டு உடைஞ்சுடும். ஓரத்துல தொட்டா போதாதா?"

இளையவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓரம் ரொம்ப மெலிசுக்கா. அழுத்தினா அடியில இருக்கற கண்ணாடிதான் தட்டும்."

மூத்தவளுக்குச் சுரீரென்று உறைத்தது. ஊசி உடையக் கூடாதென்று ஓரம் ஓரமாகவே தொட்டு, இத்தனை காலமும் அவள் அளந்தது கண்ணாடியைத்தான்.

"நான் ஓரத்துல தொடறது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ம். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் நாள் குடுங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்னு சார்கிட்ட கேட்டிருக்கேன்."

மூத்தவள் தன் கருவிக்குப் போய், ஊசியை நடுவில் இறக்கினாள். உடைந்தது.

இளையவள் எழுந்து வந்து, தன் ஊசிப் பெட்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். இந்தப் பெருந்தன்மையும் இவளுக்குத்தான் வாய்க்க வேண்டுமா என்று மூத்தவளுக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது. பெட்டியைத் திறந்து ஓர் ஊசியை எடுத்துக்கொண்டாள்.