காலுக்குச் சாயா ஆகாது

மக்களே, உங்க அப்பனுடைய தொடையில் ஒரு துண்டு இப்போது கணுக்காலுக்கு மேலே குடியிருக்கிறது. நீங்கள் வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

தேவிகுளம் இறக்கத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றிப்போன டிராக்டர் சாய்ந்து, என் கணுக்காலுக்கு மேலே சதை போய் எலும்பு வெளியே தெரிந்தது. நீங்கள் அப்போது சித்தி வீட்டில் இருந்தீர்கள். உள்தொடையில் ஒரு மெல்லிய தசை இருக்கிறது, அதை ரத்தக்குழாயோடு எடுத்து எலும்பின்மேல் வைத்துத் தைப்போம் என்றார் டாக்டர். அதில் ரத்தம் ஓடினால் கால் தங்கும். ஓடாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வருமாம். தொடையில் எடுத்தால் எப்படி நடப்பேன் என்று கேட்டதற்கு, அந்த வேலையைப் பக்கத்துத் தசைகள் பார்த்துக்கொள்ளும் என்றார். உங்க அம்மாதான், “எடுத்துக்கோங்க சாரே, அங்கிட்டு நெறையக் கெடக்கு” என்றாள்.

தைத்தார்கள். தைத்த குழாய் நூல் மாதிரி, சுருங்கினால் அடைத்துப்போகும். அதனால் குளிர் ஆகாது, பீடி ஆகாது, சாயாவும் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். பீடி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் தேயிலை ஃபாக்டரிக்காரனிடம் போய்ச் சாயா ஆகாது என்றால்?

நம்ம எஸ்டேட் லயத்து வீடுகளிலிருந்து சனம் பார்க்க வந்தது. ஆளுக்கொரு பிளாஸ்க், எல்லாவற்றிலும் சாயா. அன்பாகக் கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்புவது நம்மிடம் கிடையாது. அதனால் என் பங்கையும் சேர்த்து அம்மாவே குடித்தாள். குடித்துக் குடித்துத் தூக்கம் போய், கட்டிலருகே உட்கார்ந்து ஓயாமல் பேசினாள். பக்கத்துக் கட்டில்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். நான் பிளாஸ்க் மூடியை மட்டும் வாங்கி மோந்து பார்ப்பேன்.

சிஸ்டர் அடிக்கடி வந்து, பேனா மாதிரி ஒரு கருவியைத் தசைமேல் வைப்பார். ரத்தம் ஓடும் சத்தம் ‘விஸ்க், விஸ்க்’ என்று கேட்கும். ஒரு மத்தியானம் வைத்தார், சத்தமே இல்லை. நகர்த்தி வைத்தார். அப்போதும் இல்லை. அம்மா பேச்சை நிறுத்தினாள். என் கையிலிருந்த மூடியைப் பார்த்தாள்.

“குடிச்சீகளா?”

“மோந்துதான் பாத்தேன்.”

“மோந்தா உள்ள போவாதா?”

சிஸ்டர் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. பேனா முனையில் தடவும் பசை காய்ந்திருந்தது. துடைத்து, புதிதாகத் தடவி வைத்தார்.

விஸ்க், விஸ்க், விஸ்க்.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் சிரித்தாள். அது சிஸ்டருக்கும் தொற்றி, கையில் பேனா ஆடி, சத்தம் விட்டுவிட்டு வந்தது. அதற்கும் சிரித்தோம். காலை அசைக்காதே என்று சிஸ்டர் சிரித்தபடியே திட்டினார்.

கால் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தபிறகு, இனிச் சாயா குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னதற்கு மறுநாள், நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா கொழுந்தெடுப்பில். நானே பால் விடாமல் ஒரு கட்டன்சாயா போட்டேன். டம்ளரைக் கையில் பிடித்தபடி வேட்டியை விலக்கிக் காலைப் பார்த்தேன்.

“குடிக்கட்டுமா?” என்று கேட்டேன்.

மரியாதைக்குக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுக் குடித்தேன்.